வாக்கு இல்லாத இருக்கையில் இருந்து வேலை செய்வது எப்படி? ஒன்ராறியோவில் மாணவர் அறங்காவலராக விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒவ்வொரு மாவட்டக் கல்விச் சபையிலும் மாணவர்களுக்கென்று ஓர் இருக்கையாவது இருந்தாக வேண்டும். மூன்று வரை இருக்கலாம். அதில் இருப்பவர்தான் ஸ்டூடன்ட் ட்ரஸ்டி, மாணவர் அறங்காவலர். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த அறங்காவலர்கள் இருக்கும் அதே மேசையில், அதே கோப்புகளோடு, 16, 17 வயதுப் பிள்ளை ஒன்று இருந்து கதைக்கும். எங்கள் வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எத்தனை ஆயிரம் தமிழ்ப் பிள்ளைகள் இந்தச் சபைகளின் பாடசாலைகளில் படிக்கிறார்கள்! மருத்துவத்துக்கு எத்தனை மார்க்ஸ் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே விசாரிக்கிறோம். பாடசாலையை நடத்துகிற சபையில் பிள்ளைக்கு ஓர் இடம் உண்டா என்று விசாரிப்பதில்லை.

நான் ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் பத்தாம் வகுப்புக்குக் குடியியல் படிப்பிக்கிறேன். மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியையும் நான்தான். அதனால் இந்தப் பதவிக்கு நிற்கிற பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து வேலை செய்யும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவி, ஒன்ராறியோ கல்விச் சட்டத்தில் இந்தப் பதவியைப் பற்றிச் சொல்கிற 55ஆம் பிரிவை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மிஸ், எனக்கு வோட்டே இல்லையெண்டால் நான் ஏன் அங்க போய் இருக்கோணும்?"

நியாயமான கேள்வி. மாணவர் அறங்காவலர் சட்டப்படி சபையின் உறுப்பினர் இல்லை. முடிவைக் கட்டுப்படுத்தும் வாக்கு அவருக்கு இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே சில மாவட்டச் சபைகளில் மாணவர் உறுப்பினரின் வாக்கு பல விடயங்களில் உண்மையாகவே எண்ணப்படும். கொரோனா காலத்தில் ஹவர்ட் மாவட்டத்தில் பாடசாலைகளைத் திறப்பது பற்றிய வாக்கெடுப்பு மாணவர் வாக்கோடு நாலுக்கு நாலு என்று நின்றுபோனது. பெற்றோர் இருவர் வழக்குப் போட்டார்கள். 2022இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மாணவரின் வாக்கு செல்லும் என்றது. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே 55ஆம் பிரிவு கையில் தருகிற கருவிகள் மூன்று, நாலு உண்டு. அவற்றைப் பாவிக்கத் தெரிந்த பிள்ளை, வாக்கு இருந்தும் கோப்பைப் படிக்காமல் வருகிற பெரியவரை விடக் கூடுதலாகச் சாதிக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன தருகிறது

மாணவர் பிரதிநிதிகள் சபைக்குள் வந்தது 1990களின் கடைசியில். இப்போதுள்ள உரிமைகள் 2006இல் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தவை. 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையான மாணவர்களின் நலனுக்காகப் பேசுவது அந்தப் பதவி. உரிமைகள் இவை:

எந்த விடயத்திலும் பெயர் பதிந்து வாக்கெடுக்கும்படி கேட்கலாம். கேட்டால் சபை மறுக்க முடியாது. அப்போது இரண்டு வாக்கெடுப்பு நடக்கும். முதலாவதில் மாணவரின் வாக்கும் சேர்த்துப் பதியப்படும், ஆனால் அது சபையைக் கட்டுப்படுத்தாது. இரண்டாவதில் அறங்காவலர்கள் மட்டும் வாக்களிப்பார்கள். அதுவே முடிவு.

பிரேரணையை முன்மொழிய முடியாது. ஆனால் பரிந்துரைக்கலாம். உறுப்பினர் ஒருவர் அதை எடுத்து முன்மொழிந்தால் விவாதத்துக்கு வரும். ஒருவரும் எடுக்காவிட்டாலும், இன்ன பிரேரணையை மாணவர் பரிந்துரைத்தார் என்று கூட்ட அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

சபையின் வளங்களும் பயிற்சிகளும் மற்ற உறுப்பினர்களுக்குப் போலவே இவருக்கும் உண்டு. சொந்தப் பணத்தில் செய்த செலவு திரும்பக் கிடைக்கும். முழுத் தவணையும் இருந்தால் 2,500 டொலர் மதிப்பூதியம், இடையில் வந்தாலோ போனாலோ அதற்கேற்ற பங்கு.

மூடிய கூட்டங்களிலும் இருக்கலாம். காணி, கட்டடப் பாதுகாப்பு, ஊழியரோடு பேச்சுவார்த்தை, வழக்கு போன்றவை அங்கே வரும். ஒருவருடைய அந்தரங்க, தனிப்பட்ட அல்லது பணத் தகவல் பேசப்படும் பகுதியில் மட்டும் மாணவர் வெளியே போக வேண்டும். உள்ளே கேட்டதை வெளியே யாரிடமும், நெருங்கிய சிநேகிதியிடமும் அம்மாவிடமும்கூட, சொல்லக் கூடாது. இந்தப் பதவியில் 17 வயதுப் பிள்ளைக்கு மிகவும் பாரமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. தன்னுடைய பாடசாலைக் காணியை விற்பது பற்றி மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்க வேண்டி வரலாம். நிற்பதற்கு முன்பே இதை யோசித்துவிட வேண்டும்.

எங்கே தொடங்குவது

நேரே சபைக்குப் போகாதீர்கள். உங்கள் பாடசாலையிலேயே பாடசாலை ஆலோசனைக் குழு, ஸ்கூல் கவுன்சில், இருக்கிறது. பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் குழு அது. ஒன்ராறியோவின் 612/00 ஒழுங்குவிதிப்படி உயர்நிலைப் பாடசாலையின் குழுவில் ஒரு மாணவர் இருந்தாக வேண்டும். மாணவர் மன்றம் இருந்தால் மன்றம் நியமிக்கும். இல்லாவிட்டால் மாணவர்கள் தெரிவு செய்வார்கள். வருடத்துக்குக் குறைந்தது நாலு கூட்டம். இங்கே மாணவருக்கு முழு வாக்கு உண்டு. அதிபருக்குக் கிடையாது! குடியியல் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பல பாடசாலைகளில் அந்த மாணவர் இடம் யாரும் கேட்காததால் காலியாகவே கிடக்கிறது. செப்டம்பரில் பாடசாலை தொடங்கி 30 நாளுக்குள் அது நிரப்பப்பட வேண்டும். முதல் கிழமையிலேயே மாணவர் மன்றத்திடமும் அதிபரிடமும் கேளுங்கள். நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கும், வழிமொழிவது எப்படி, பெரியவர்கள் கருத்து வேறுபடும்போது எப்படிக் கதைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே பழகிவிடும். பெற்றோரும் அதே குழுவுக்கு வரலாம். இங்கிலிஷ் வடிவாக வராது என்று பின்வாங்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அந்த மேசையில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

அடுத்தது, உங்கள் சபையின் கூட்டமொன்றை நேரில் போய்ப் பாருங்கள், அல்லது இணையத்தில் பாருங்கள். பொதுக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. மாலையில் தொடங்கி இரவு நீளும். அந்த நாற்காலியில் இருக்க உங்களுக்கு விருப்பமா என்று அங்கே இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உங்கள் சபை இப்போது யார் கையில் இருக்கிறது? 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபைக்கும் ரொறன்ரோ கத்தோலிக்கச் சபைக்கும் இன்னும் சில சபைகளுக்கும் மேற்பார்வையாளர்களை நியமித்தது. மக்கள் தெரிவு செய்த அறங்காவலர்களின் அதிகாரம் அவர்களிடம் போனது. நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். அப்படியான சபையில் நீங்கள் படித்தால், மாணவர் அறங்காவலரின் வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று சபை அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பாடசாலைக் குழுவும் மாணவர் மன்றமும் உங்கள் களமாக இருக்கட்டும். அவற்றை யாரும் நிறுத்தவில்லை.

சபையால் முடியாததைக் கேட்காதீர்கள்

தேர்தலுக்கு நிற்கிற பிள்ளைகள் கொண்டுவருகிற பட்டியலைப் பார்த்தால் பாதி, சபையின் கையில் இல்லாதவை. வகுப்பில் கைத்தொலைபேசிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்பார்கள். அது 2024 செப்டம்பரில் மாகாணம் முழுவதற்கும் வந்த விதி. தொண்டு வேலைக்கான 40 மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டும் என்பார்கள். அதுவும் உயர்நிலைப் பாடசாலைப் பட்டயம் பெற மாகாணம் வைத்த தகுதி. பாடத்திட்டம் கல்வி அமைச்சுடையது. சபையால் மாற்ற முடியாததை வாக்குறுதி கொடுத்து வென்ற பிள்ளை, ஒக்ரோபரில் சக மாணவர்களுக்கு முகம் கொடுக்கக் கஷ்டப்படும்.

சபையின் கையில் இருப்பவை: தன் கொள்கைகள், பல வருடத் திட்டம், வரவு செலவுத் திட்டம், கல்விப் பணிப்பாளரை நியமிப்பது. பணம் பெரும்பாலும் மாகாணத்தில் இருந்து வருகிறது. ஆனால் அதற்குள் எதற்கு முதலிடம் என்பதில் சபைக்குச் சொல் உண்டு. நிதியாண்டு செப்டம்பர் 1இல் தொடங்குவதால் வரவு செலவுத் திட்டம் ஜூன் முடிவுக்குள் நிறைவேறும். ஆகவே பணம் தேவைப்படுகிற எந்தக் கோரிக்கையும் குளிர்காலத்திலேயே மேசைக்கு வந்துவிட வேண்டும். மே மாதம் கேட்டால் காது கொடுப்பார்கள், காசு இருக்காது.

அறங்காவலர் ஒருவர், பெரியவரோ மாணவரோ, தனியாக ஓர் அதிபருக்குக் கட்டளையிட முடியாது. சபை தீர்மானிக்கும், கல்விப் பணிப்பாளர் நிறைவேற்றுவார், அவருக்குக் கீழே மேலதிகாரிகளும் அதிபர்களும் செய்வார்கள். இந்தப் பாதை மனதில் பதிந்தால் பிரேரணை எழுதுவது பாதி முடிந்த மாதிரி.

தேர்தல்

பதவிக்காலம் ஓகஸ்ட் 1இல் தொடங்குகிறது. தேர்தல் பெப்ரவரி முடிவதற்குள் நடந்துவிடும். அப்படியென்றால் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே. பதவி தொடங்கிய பிறகு வரும் பாடசாலை முதல் நாளில் 11ஆம் அல்லது 12ஆம் வகுப்பில் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். எனவே பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே நிற்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நேரம். 12ஆம் வகுப்பில் பல்கலைக்கழக விண்ணப்பம் ஜனவரி நடுப்பகுதியில் முடிகிறது, மார்க்ஸும் அந்த வருடத்துடையதுதான் பார்க்கப்படும். 11ஆம் வகுப்பில் பதவியில் இருந்தால் மூச்சு விடலாம்.

விதி இரண்டு வழிகளுக்கு இடம் கொடுக்கிறது: எல்லா மாணவர்களும் நேரடியாக வாக்களிப்பது, அல்லது மாணவர் மன்றப் பிரதிநிதிகள் வாக்களிப்பது. உங்கள் சபையில் எது என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் வேலை முறையே மாறும். பிரதிநிதிகள் வாக்களிக்கிற இடத்தில் சுவரொட்டியால் பிரயோசனம் குறைவு. மற்றப் பாடசாலை மன்றங்களுக்கு எழுதி, அவர்களுடைய கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். சில சபைகளில் பூர்வகுடி மாணவர்களுக்கென்று தனி இடமும் உண்டு.

பேச்சு இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். "நான் உங்கள் குரலாக இருப்பேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாது. முன்பு சொன்ன மாணவியும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினாள். உன் பாடசாலையில் இன்று உனக்கு எது கோபத்தைத் தந்தது என்று கேட்டேன். உடனே சொன்னாள்: "இரண்டாம் மாடி வொஷ்ரூம், மிஸ். லஞ்சுக்குப் பிறகு பூட்டிப் போடுவினம். கீழ போய் வரப் பத்து நிமிஷம். பிறகு லேற் எண்டு எழுதுவினம்." அதையே பேச்சின் முதல் வரியாக்கினோம். அடுத்த வரி: உங்கள் பாடசாலையிலும் இப்படியா, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், எனக்கு எழுதி அனுப்புங்கள். தேர்தலுக்கு முன்பே பல பாடசாலைகளில் இருந்து எழுதினார்கள். வென்றதும் அவள் கையில் வேலை தயாராக இருந்தது.

பிரேரணையை எழுதுவது

இங்கேதான் கூடுதல் நேரம் செலவிடச் சொல்வேன். அவளுடைய முதல் பிரேரணை இப்படி இருந்தது: "மாணவர்களின் கண்ணியத்தைக் காக்கும் வகையில் எல்லாப் பாடசாலைகளிலும் எல்லா மலசலகூடங்களும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்."

மனதுக்குப் பிடித்த வசனம், ஆனால் கூட்டத்தில் ஐந்து நிமிடம் நிற்காது. வேப்பிங், மின் சிகரெட் புகைப்பது, நடக்கிறது, சண்டை நடக்கிறது, அதற்காகத்தான் பூட்டுகிறோம் என்று ஒருவர் சொல்வார். இது அன்றாட நிர்வாகம், அதிபர் பார்க்க வேண்டியது என்று இன்னொருவர். மேற்பார்வைக்கு ஆட்கள் வேண்டுமே, எவ்வளவு செலவு என்று மூன்றாமவர். மூன்றுக்கும் பிள்ளையிடம் பதில் இருக்காது. கதை முடிந்தது.

பல மாலைகள் மாற்றி மாற்றி எழுதிய பிறகு வந்தது இது: "சபையின் எல்லா உயர்நிலைப் பாடசாலைகளிலும் பாடசாலை நேரத்தில் மாணவர் மலசலகூடங்களில் எவை, எந்த நேரத்தில், எந்தக் காரணத்துக்காகப் பூட்டப்படுகின்றன என்பதையும், அவற்றைத் திறந்து வைப்பதற்கான வழிகளையும் செலவையும், ஒவ்வொரு பாடசாலை மாணவர் மன்றத்தையும் கேட்டறிந்து, கல்விப் பணிப்பாளர் ஏப்ரல் கூட்டத்துக்கு அறிக்கையாகச் சமர்ப்பிக்க வேண்டும்."

ஒவ்வொரு துண்டையும் பாருங்கள். யார் செய்ய வேண்டும்: பணிப்பாளர், சபை கட்டளையிடக் கூடிய ஒரே ஆள். என்ன: ஒரு அறிக்கை, அதற்கு எதிராக வாக்களிப்பது கடினம். யாரைக் கேட்டு: மாணவர் மன்றங்களை. இந்தச் சொற்கள் இல்லாவிட்டால் அதிபர்களை மட்டும் கேட்டு அறிக்கை வந்துவிடும். எப்போது: திகதி. திகதி இல்லாத பிரேரணை கோப்பிலேயே கிடக்கும். செலவு பற்றிய கேள்வியையும் அறிக்கைக்குள்ளேயே போட்டுவிட்டதால், மூன்றாமவரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியது பணிப்பாளர்தான்.

அப்புறம், முன்மொழிய ஆள் தேட வேண்டும். கூட்டத்தன்று இரவு மேசையைச் சுற்றிப் பார்த்து யாராவது எடுப்பார்களா என்று காத்திருக்கக் கூடாது. பிரேரணைக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்பது சபையின் துணைவிதியில் இருக்கும். அதற்கும் ஒரு கிழமை முந்தி அறங்காவலர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "ஆதரிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். "நீங்கள் முன்மொழிவீர்களா?" என்று கேளுங்கள். ஓம் என்றால் வழிமொழிய யாரைக் கேட்கலாம் என்று அவரிடமே ஆலோசனை கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணம்தான் கூட்டத்தில் உங்களுக்கு எதிராக வரப்போகிற வாதம். பொறுப்பான மேலதிகாரிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிகாரிகளைக் கூட்டத்தில் திடுக்கிட வைத்தால் அடுத்த முறை அவர்களிடம் இருந்து தகவல் வராது.

ஒருவரும் முன்மொழியாவிட்டால்? அப்போதும் பரிந்துரையுங்கள். கூட்ட அறிக்கையில் ஏறும். அடுத்த வருடம் வருகிற மாணவர் அதை எடுத்துக் காட்டலாம். பெற்றோர் எடுத்துக் காட்டலாம். உள்ளூர்ப் பத்திரிகை எடுத்துக் காட்டலாம்.

பெயர் பதிந்து வாக்கெடுக்கக் கேட்பதை எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டாம். அது கனமான கருவி, வருடத்தில் ஓரிரு முறைக்குத்தான். அதைக் கேட்டதும் அறையின் தன்மையே மாறுகிறது. செயலாளர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொருவரும் தன் வாயால் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். முதல் சுற்றில் உங்கள் பெயரும் வரும். பிறகு, உங்கள் பெயர் இல்லாமல் அதே பட்டியல் மறுபடியும். அறங்காவலர்களுக்கான அடுத்த தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. அன்று வாசலில் வந்து வாக்குக் கேட்பவரிடம், பிள்ளைகளின் இந்த விடயத்துக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கப் பெற்றோரிடம் ஆதாரம் இருக்கும்.

யாருக்காகப் பேசுகிறீர்கள்

கூகுள் படிவம் அனுப்பினால் பதில் போடுவது யார்? ஏற்கெனவே மன்றத்தில் இருக்கிற, நல்ல மார்க்ஸ் எடுக்கிற, இங்கிலிஷ் தயங்காமல் எழுதுகிற பிள்ளைகள். அவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. பாடசாலை முடிந்து வேலைக்கு ஓடுகிற பிள்ளை, மாற்றுப் பாடசாலையில் படிக்கிற பிள்ளை, விசேட கல்வி வகுப்பில் இருக்கிற பிள்ளை, கனடாவுக்கு வந்து மூன்று மாதமான பிள்ளை, இவர்களைத் தேடிப் போக வேண்டும். ஆங்கிலம் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளின் ஈஎஸ்எல் வகுப்பில் ஒருநாள், பாடசாலையில் எதை மாற்றலாம் என்று அந்த மாணவி கேட்டபோது நீண்ட நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வியை மாற்றினாள்: காலையில் எழும்பியதில் இருந்து இங்கே வந்து சேரும்வரை என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அப்போது வந்தது. தம்பி, தங்கச்சியை வேறு பாடசாலையில் விட்டுவிட்டுத்தான் ஒரு பையன் வருகிறான், அதனால்தான் தினமும் முதல் பாடத்துக்குப் பிந்துகிறான். பாடசாலையில் இருந்து போகிற பிந்திய வருகைச் செய்தி அவன் அம்மாவுக்கு விளங்காத மொழியில் போகிறது. இவை எந்தப் படிவத்திலும் ஏறாதவை. கேட்டுவந்ததை ஒரு கொப்பியில் பெயர் இல்லாமல் எழுதிவைக்கச் சொல்வேன். கூட்டத்தில் பேசும்போது அதைப் பார்த்துப் பேச வேண்டும்.

உங்களுடைய சொந்தக் கருத்தும் மாணவர்கள் சொன்னதும் வேறாக இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள். "நான் கேட்ட மாணவர்களில் பெரும்பாலானோர் இப்படிச் சொல்கிறார்கள், என் தனிப்பட்ட எண்ணம் வேறு" என்று வெளிப்படையாகச் சொன்னால் மேசையில் இருப்பவர்கள் உங்கள் சொல்லை நம்பத் தொடங்குவார்கள்.

கூட்டத்துக்கு முன் வருகிற கோப்பு சில வேளை நூற்றுக்கணக்கான பக்கம். முழுவதையும் வாசிக்க முயன்று இரவு இரண்டு மணிவரை விழிக்க வேண்டாம். ஒவ்வொரு அறிக்கையிலும் பரிந்துரைப் பகுதியை முதலில் வாசியுங்கள், பிறகு செலவு, பிறகு யாரைக் கலந்தாலோசித்தார்கள் என்ற பகுதி. மாணவர்களைக் கலந்தாலோசித்ததாக எழுதியிருந்தால் எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பதவி இருக்கலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஒன்ராறியோ மாணவர் அறங்காவலர் சங்கம் 2000ஆம் ஆண்டில் இருந்து இயங்குகிறது. மாகாணம் முழுவதும் இருந்து இதே வேலையைச் செய்கிற பிள்ளைகள் அதன் மாநாடுகளில் சந்திக்கிறார்கள். போங்கள். தண்டர் பேயில் ஒரு பிள்ளை ஏற்கெனவே எழுதி நிறைவேற்றிய பிரேரணையை நீங்கள் முதலில் இருந்து எழுதத் தேவையில்லை.

பெற்றோருக்கு

மார்க்ஸ் விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். மாதத்தில் சில மாலைகள் போகும், வாசிப்பு நேரம் வேறு. ஆனால் ஒழுங்குவிதி இணையம் வழியாகவும் கூட்டத்தில் பங்குபற்ற இடம் கொடுக்கிறது. நேரில் போகிற நாளில் இரவு பத்து மணிக்கு வாகனத்தோடு நிற்பதுதான் உங்களிடம் கேட்கப்படும் பெரிய உதவி. சாப்பாடு கட்டிக் கொடுங்கள். மூடிய கூட்டத்தில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்விச் சபை என்பது எங்கள் சமூகத்துக்குப் புதிய வாசல் இல்லை. நீதன் சண் 2006இல் மார்க்கத்தில் இருந்து யோர்க் வட்டாரக் கல்விச் சபைக்குத் தெரிவானார். யுவனித்தா நாதன் அதே சபையில் வருடக்கணக்காக அறங்காவலராக இருந்து, பிறகு மார்க்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். அவர்கள் பெரியவர்களான பிறகு கற்றுக்கொண்ட மேசையில் உங்கள் பிள்ளை 16 வயதிலேயே இருக்கலாம்.

போவதற்கு முன்

ஜூலை 31இல் பதவி முடிகிறது. பெப்ரவரியிலேயே அடுத்தவர் தெரிவாகிவிடுவதால் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. மார்ச்சில் இருந்தே அவரைக் கூட்டங்களுக்கு உடன் அழைத்துப் போங்கள். ஒரு கோப்பு எழுதிக் கொடுங்கள்: நிறைவேறிய பிரேரணைகளும் அவற்றுக்கு அறிக்கை வர வேண்டிய திகதிகளும், ஒருவரும் முன்மொழியாமல் கூட்ட அறிக்கையில் மட்டும் ஏறியவை எந்தத் திகதிக் கூட்டத்தில் ஏறின, எந்த அறங்காவலர் தொலைபேசியை எடுப்பார், எந்த அதிகாரி விளக்கமாகப் பதில் எழுதுவார். மாணவர்களிடம் கேட்டு எழுதிய கொப்பியில் இன்னும் மேசைக்கு வராத விடயங்களையும் சேர்த்துவிடுங்கள். மலசலகூட அறிக்கை ஏப்ரலில் வராமல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அதைப் பின்தொடர்ந்தது அடுத்து வந்த பையன், செப்டம்பர் முதல் கூட்டத்திலேயே, அவள் எழுதிக் கொடுத்த கோப்பின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு.